புது லேப்டாப்பில் எஃப்8 தட்டினால் டேலி ஏன் அசையவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது: புதிதாக வாங்கிய லேப்டாப்பில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து எஃப்8 தட்டினால் விற்பனை வவுச்சர் வரவில்லை, எக்செலில் எஃப்2 தட்டினால் செல் திறக்காமல் ஸ்பீக்கர் சத்தம் குறைகிறது, பழைய டெஸ்க்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை; ஆகவே டேலியை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டுமா? இரண்டாவது: ஷார்ட்கட் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய ஒரு முழுப் பட்டியல் கிடைக்குமா? டேலியை அழிக்க வேண்டாம், அதில் கோளாறு எதுவும் இல்லை. பட்டியலும் வேண்டாம் என்பேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நீங்கள் தட்டும் எஃப்8 டேலிக்குப் போய்ச் சேரவே இல்லை. லேப்டாப் கீபோர்டின் மேல் வரிசையில் ஒவ்வொரு கீக்கும் இரண்டு வேலை. ஒன்று பழைய எஃப்1 முதல் எஃப்12 வரை. இன்னொன்று அதே கீயில் சின்னப் படமாக அச்சிட்டிருக்கும் வெளிச்சம், சத்தம், மைக், ஏர்ப்ளேன் மோட் போன்றவை. இரண்டில் எதை அனுப்புவது என்று முடிவு செய்வது லேப்டாப்புக்குள் கீபோர்டைக் கவனித்துக்கொள்ளும் ஒரு தனிச் சிப். கீழே இடப்பக்கம் இருக்கும் எஃப்என் கீயை அந்தச் சிப்தான் படிக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் எஃப்என் தட்டிய செய்தி விண்டோஸ் வரைக்கும் போவதே இல்லை. வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் எஃப்8-ஐ விடச் சத்தத்தையும் வெளிச்சத்தையும்தான் அதிகம் தொடுவார்கள் என்பதால், கம்பெனிகள் படம் போட்ட வேலையை முதலில் வைத்தே விற்கின்றன. நீங்கள் எஃப்2 தட்டும்போது சிப் 'சத்தத்தைக் குறை' என்ற குறியீட்டை அனுப்பிவிடுகிறது. எக்செல் பாவம், அதற்கு ஒன்றுமே தெரியாது. இதே காரணத்தால் பவர்டாய்ஸ் போன்ற கீ மாற்றும் மென்பொருள்களாலும் எஃப்என் கீயை இடம் மாற்ற முடியாது. கைக்கு வராத கீயை அவை எப்படி மாற்றும்?

இது அதுதானா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். நோட்பேடைத் திறந்து எஃப்5 தட்டுங்கள். நோட்பேடில் அந்தக் கீ அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதும். வெறும் எஃப்5-க்கு ஒன்றும் வராமல், எஃப்என்-ஐப் பிடித்துக்கொண்டு எஃப்5 தட்டும்போது தேதி விழுந்தால், விஷயம் உறுதி. இரண்டுக்கும் வராவிட்டால் வேறு கோளாறு. இரண்டுக்கும் இடையில் மாறி மாறி வந்தால் யாரோ தெரியாமல், இந்த இரண்டு வேலைகளில் எது முதலில் என்பதை மாற்றிவைக்கும் எஃப்என் லாக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிசெய்வதில் முதலில் எளிய வழி. எஸ்கேப் கீயைக் கூர்ந்து பாருங்கள். அதன் மேல் சின்னப் பூட்டுப் படமோ எஃப்என் லாக் என்ற சுருக்கமோ இருந்தால், எஃப்என்-ஐப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பை ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. டெல், லெனோவா, ஏசுஸ் ஆகியவற்றின் பெரும்பாலான மாடல்களில் இதுதான் வழி. மறுபடி அதையே தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். லெனோவாவில் வான்டேஜ் செயலியிலும் ஏசுஸில் மைஏசுஸ் செயலியிலும் இதே தேர்வு இருக்கும்.

எஸ்கேப்பில் பூட்டு இல்லையென்றால் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போக வேண்டும். ஹெச்பியில் ஆன் செய்ததும் எஸ்கேப்பை விட்டு விட்டுப் பலமுறை தட்டி, வரும் மெனுவில் எஃப்10 கொடுத்தால் பயாஸ் திறக்கும். அதில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பகுதியில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்று ஒன்று இருக்கும். அதை டிஸேபிள்டு ஆக்க வேண்டும். இந்தச் சொல்லைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள், வெளிச்சம் கூட்டும் கீயே செத்துப்போகும் என்று நினைத்து. சாகாது. இனி வெளிச்சத்துக்கு எஃப்என்-ஐச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், எஃப்8-க்குப் பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான் அதற்குப் பொருள். லெனோவா ஐடியாபேடில் எஃப்2 தட்டி உள்ளே போனால் அதே சங்கதிக்கு 'ஹாட்கீ மோட்' என்று பெயர். டெல்லில் எஃப்2, சில மாடல்களில் 'ஃபங்ஷன் கீ பிஹேவியர்', சிலவற்றில் 'எஃப்என் லாக் ஆப்ஷன்ஸ்'. ஏசரிலும் எஃப்2 தட்டி 'ஃபங்ஷன் கீ பிஹேவியர்' தேடுங்கள். நீங்கள் மாடலைச் சொல்லவில்லை. மாடலுக்கு மாடல் பெயரும் பக்கமும் கொஞ்சம் நகரும், ஆனால் ஃபங்ஷன், ஹாட்கீ, ஆக்‌ஷன் கீ, எஃப்என் லாக் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு பயாஸ் வேலையே இல்லை: சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் ஃபங்ஷன் கீஸ் என்று போனால் ஒரே ஒரு சுவிட்ச்.

லோகோ வருவதற்குள் எஃப்2 தட்டியும் பயாஸ் திறக்கவில்லை என்று பலர் சொல்வதுண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருந்து சட்டென எழும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். அப்போது ஷட்டவுன் வேண்டாம். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள். நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் மெஷின் தானே பயாஸில் போய் நிற்கும். உள்ளே போனபின் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். செக்யூர் பூட், ஸ்டோரேஜ் மோட் பக்கம் கை வைக்காதீர்கள். முன்னதைத் தொட்டால், டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கலாம், பின்னதைத் தொட்டால் விண்டோஸே ஏறாமல் போகலாம். எஃப்10 தட்டிச் சேமித்து வெளியே வாருங்கள்.

இதற்குப் பிறகும் நோட்பேடில் எஃப்5 வேலை செய்து, டேலியில் மட்டும் எஃப்8 அசையவில்லையா? டேலியின் இப்போதைய பதிப்பான டேலிப்ரைமில், முதல் பக்கமான கேட்வேயில் நின்றுகொண்டு எஃப்8 தட்டினால் விற்பனை வவுச்சர் வராது. முதலில் வி தட்டி வவுச்சர் பக்கத்துக்குள் போக வேண்டும். அங்கேதான் எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். வலப்பக்கப் பட்டையில் அந்த நேரத்தில் எந்தக் கீக்கு உயிர் இருக்கிறது என்று டேலியே காட்டுகிறது. மங்கித் தெரிவது இயங்காது. பழைய டெஸ்க்டாப்பில் டேலியின் முந்தைய பதிப்பான ஈஆர்பி 9 இருந்து, இதில் ப்ரைம் இருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். 2020-இல் ப்ரைம் வந்தபோது சில கீகள் மாறின. கிரெடிட் நோட்டுக்கு அங்கே கன்ட்ரோல்+எஃப்8, இங்கே ஆல்ட்+எஃப்6. டெபிட் நோட்டுக்கு அங்கே கன்ட்ரோல்+எஃப்9, இங்கே ஆல்ட்+எஃப்5. கை பழைய கணக்கிலேயே போகும், திரை வேறு ஏதோ காட்டும்.

அடுத்து, பின்னணியில் ஓடிக்கொண்டு கீயை வழிமறிக்கும் மென்பொருள்கள். கேம் விளையாட ஏற்ற லேப்டாப்பைக் கணக்கு வேலைக்கு வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் ஓவர்லே என்ற மென்பொருள், ஆல்ட்+எஃப்1 தட்டினால் திரையைப் படமெடுக்கும். ஆல்ட்+எஃப்9 தட்டினால் வீடியோ பதிவு செய்யத் தொடங்கும். ஈஆர்பி 9 காலத்திலிருந்து ரிப்போர்ட்டை விரிக்க ஆல்ட்+எஃப்1 பழகியவருக்கு ரிப்போர்ட் விரியாது, எங்கோ ஒரு ஃபோல்டரில் படங்கள் மட்டும் குவியும். ஓவர்லேயை அணைத்துவிடுங்கள். பழைய இன்டெல் டிரைவர் உள்ள மெஷின்களில் கன்ட்ரோல்+ஆல்ட்டோடு கீழ் அம்புக்குறி பட்டால் திரை தலைகீழாகிவிடும். பதறாமல் கன்ட்ரோல்+ஆல்ட்+மேல் அம்பு தட்டினால் நேராகும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு என்றே ஒரு மோதல் உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற கருவிகள் ஆல்ட்டோடு ஓர் எண்ணைச் சேர்த்துத்தான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுகின்றன. டேலிப்ரைமில் டேபுக்கில் (அன்றைய வவுச்சர்களின் பட்டியல்) நின்று ஒரு வவுச்சரை அப்படியே நகலெடுக்க ஆல்ட்+2. எக்செலில் ஆல்ட்+1, ஆல்ட்+2 என்பவை மேலே உள்ள சிறு கருவிப்பட்டையின் முதல், இரண்டாம் பட்டன்கள். எழுதும் கருவி ஓடிக்கொண்டிருந்தால் ஆல்ட்+2-ஐ அது எடுத்துக்கொள்ளும். டேலி சும்மா நிற்கும், அதன் பிறகு தட்டும் பெயரெல்லாம் தமிழில் விழும். கணக்கு வேலை முடியும்வரை அந்தக் கருவியை மூடி வைப்பதே சுத்தம். விண்டோஸிலேயே தமிழ் 99, ஃபொனெட்டிக் ஆகிய கீபோர்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு விண்டோஸ் கீ+ஸ்பேஸ் தட்டி மாறலாம், எந்த மென்பொருளோடும் மோதாது. ஆனால் இடது ஆல்ட்+ஷிஃப்ட்டும் மொழியை மாற்றும் என்பதை நினைவில் வையுங்கள். விண்டோக்களுக்கிடையே பின்னோக்கிப் போக ஆல்ட்+ஷிஃப்ட்+டேப் தட்டுகிறவர்கள் டேப்பைத் தவறவிட்டால், மொழி மாறியது தெரியாமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். டைப்பிங் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதில் இன்புட் லாங்வேஜ் ஹாட் கீஸ் என்று போய் அந்த இணைப்பை எடுத்துவிடலாம். ரூபாய்க் குறி வேண்டுமென்றால் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டைச் சேர்த்துக்கொண்டு வலது ஆல்ட்+4 தட்டுங்கள், ₹ வரும். யுஎஸ் கீபோர்டில் அது வராது. வராததை மெஷின் கோளாறு என்று நினைத்து யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று: ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் கேட்கும். வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்தியே வைத்திருந்தால் ஃபில்டர் கீஸ் கேட்கும். அதற்குத் தெரியாமல் சரி கொடுத்துவிட்டால், வேகமாகத் தட்டும் எழுத்துகளைக் கணினி கண்டுகொள்ளாது; கீபோர்டே போய்விட்டது போலத் தோன்றும். அக்செசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் இரண்டையும் அணைத்து, அவற்றைக் கூப்பிடும் ஷார்ட்கட்டையும் அணைத்துவிடுங்கள்.

இப்போது பட்டியல். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது ஃபங்ஷன் கீகள் பத்து, அதுவும் கீபோர்டின் இடப்பக்கத்தில் இரண்டு வரிசையாக இருந்தன. பின்னால் வந்த 101 கீ கீபோர்டில்தான் பன்னிரண்டாகி மேலே போயின. அவற்றுக்கென்று நிரந்தரமான பொருள் எதையும் யாரும் கொடுக்கவில்லை, அந்தந்த மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. அந்தக் காலத்து எழுதும் மென்பொருளான வேர்டுபெர்ஃபெக்டில் உதவிக்கு எஃப்3. எந்தக் கீ எதற்கு என்று மறந்துவிடாமலிருக்கக் கீபோர்டின் மேல் வைத்துக்கொள்ள ஓர் அட்டையையே கூடவே கொடுத்தார்கள். 1987-இல் ஐபிஎம் ஒரு பொது விதித் தொகுப்பை வெளியிட்டது. உதவிக்கு எஃப்1, விண்டோவை மூட ஆல்ட்+எஃப்4 என்பவை அதன் வழியாக நிலைத்தவை. இந்த இரண்டைத் தாண்டினால் இன்றைக்கும் பொதுவாகச் சொல்ல அதிகமில்லை. ஒரே எஃப்5 பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும், பவர்பாயின்டில் ஸ்லைடு ஷோவைத் தொடங்கும், எக்செலில் 'கோ டு' பெட்டியைத் திறக்கும், டேலியில் பேமென்ட் வவுச்சர். 'எஃப்5-இன் பயன்' என்று ஒற்றை வரியில் எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்தவர் வங்கித் தளத்தில் பணம் அனுப்பிய பக்கத்தில் நின்று எஃப்5 தட்டுகிறார். படிவத்தை மறுபடி அனுப்பவா என்று பிரவுசர் கேட்கிறது. படிக்காமல் சரி கொடுத்தால் அதே கோரிக்கை இரண்டாம் முறை போகிறது. பல வங்கிகள் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. எல்லாத் தளங்களும் தடுக்கும் என்று நம்பி இருக்கக் கூடாது.

ஆகவே மென்பொருளை வைத்துப் படியுங்கள், கீயை வைத்துப் படிக்காதீர்கள். டேலியில் மேலே சொன்ன எஃப்4 முதல் எஃப்9 வரை நாள்தோறும் தட்டுவதால் தானே பழகும். அவற்றோடு நான்கு போதும்: வவுச்சர் தேதி மாற்ற எஃப்2, ரிப்போர்ட்டின் காலத்தை மாற்ற ஆல்ட்+எஃப்2, வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே புது லெட்ஜர் திறக்க ஆல்ட்+சி, கடைசிக் கட்டம்வரை என்டர் தட்டிக்கொண்டிருக்காமல் சேமிக்க கன்ட்ரோல்+ஏ. தேதிக்கும் காலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஆல்ட்தான்.

எக்செலில் எஃப்2-ஐ நன்றாகப் புரிந்துகொண்டவர் பாதி எரிச்சலிலிருந்து தப்பிவிடுவார். செல்லில் நேரே தட்டத் தொடங்கினால் நீங்கள் இருப்பது 'என்டர்' நிலை. அப்போது அம்புக்குறி தட்டினால் செல்லை விட்டு நகர்ந்துவிடும், ஃபார்முலாவாக இருந்தால் பக்கத்துச் செல்லின் முகவரியை இழுத்து உள்ளே போடும். எஃப்2 தட்டினால் 'எடிட்' நிலை. அதே அம்புக்குறி எழுத்துகளுக்கிடையே நகரும். எந்த நிலை என்று திரையின் கீழ் இடமூலையில் எழுதியிருக்கும். கண்டிஷனல் ஃபார்மட்டிங் பெட்டியில் ஃபார்முலாவைத் திருத்தும்போது அம்பு தட்டத் தட்ட முகவரிகள் குப்பையாக விழுகின்றனவே, அங்கேயும் எஃப்2 ஒருமுறை தட்டினால் நின்றுவிடும். ஃபார்முலாவுக்குள் கர்சர் இருக்கும்போது எஃப்4 தட்டினால் டாலர் குறி சுழலும்: $ஏ$1, ஏ$1, $ஏ1, மறுபடி ஏ1. வெளியே இருக்கும்போது எஃப்4 கடைசியாகச் செய்ததையே திரும்பச் செய்யும். ஒரு வரிக்கு மஞ்சள் அடித்துவிட்டு அடுத்த வரியில் எஃப்4 தட்டினால் அதற்கும் மஞ்சள். எஃப்9-இல் மட்டும் கவனம். நீண்ட ஃபார்முலாவின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் அந்தப் பகுதியின் விடையைக் காட்டும், தவறு எங்கே என்று பிடிக்க அருமையான வழி. ஆனால் பார்த்தபின் எஸ்கேப் தட்ட வேண்டும். என்டர் தட்டினால் ஃபார்முலா போய் அந்த எண் அங்கேயே உறைந்துவிடும், அடுத்த மாதக் கணக்கில்தான் தெரியவரும்.

எண்ணை மாற்றியும் கூட்டுத்தொகை மாறவில்லை என்றால் அந்த எக்செல் மேனுவல் கணக்கீட்டில் இருக்கிறது. முதலில் திறந்த ஃபைல் எந்த நிலையில் சேமிக்கப்பட்டதோ, அதையே பின்னால் திறப்பவையும் பின்பற்றும். யாரோ அனுப்பிய ஃபைலைக் காலையில் முதலில் திறந்தால் உங்கள் ஃபைலும் மாட்டிக்கொள்ளும். எஃப்9 அப்போதைக்குக் கணக்கிடும். ஃபார்முலாஸ் டேபில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸை ஆட்டோமேட்டிக் ஆக்குவதுதான் தீர்வு. எங்கே கிளிக் செய்தாலும் தேர்வு நீண்டுகொண்டே போனால் எஃப்8 பட்டிருக்கிறது, எஸ்கேப் தட்டுங்கள். அம்புக்குறிக்குச் செல் நகராமல் ஷீட்டே நகர்ந்தால் ஸ்க்ரோல் லாக். பெரும்பாலான லேப்டாப்களில் அந்தக் கீ இருக்காது, விண்டோஸ்+கன்ட்ரோல்+ஓ தட்டித் திரைக் கீபோர்டை வரவழைத்து அதில் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸில் ஆல்ட்+டேப் உங்களுக்குத் தெரிந்திருக்கும். விண்டோஸ்+வி தெரியாதவர்கள் அதிகம்: கடைசியாக நகலெடுத்த 25 வரை பட்டியலாகக் காட்டும், ஜிஎஸ்டி எண்ணையும் பெயரையும் பில் எண்ணையும் மாறி மாறி ஒட்டுகிறவருக்குப் பெரிய மிச்சம். முதல் முறை தட்டும்போது அதை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும். பாஸ்வேர்டு நகலெடுத்தாலும் அதில் நிற்கும் என்பதால் பலர் புழங்கும் மெஷினில் வேண்டாம். அலுவலகத்தில் இடத்தை விட்டு எழும்போது விண்டோஸ்+எல்.

கடைசியாக, நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவர் லேப்டாப் கீபோர்டிலேயே தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு நம்பர் பேடுள்ள சாதாரண வயர் கீபோர்டு ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதில் எஃப்என் கீயே இருக்காது, லேப்டாப்பின் எஃப்என் லாக்கும் அதைப் பாதிக்காது. எஃப்8 தட்டினால் எஃப்8-தான் போகும். வாங்கும்போது மேல் வரிசையில் ஸ்பீக்கர் படம், வெளிச்சப் படம் அச்சிட்டிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.